நுவரெலியா, 1959: என் தொடர்கதைக்குள் ஒரு வால்தர் பிபிகே

தலவாக்கலை டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலையகத்து இளையவர்களுக்காக நண்பர்கள் சிலர் நடத்தும் சிறு சஞ்சிகையில் ஒரு துப்பறியும் தொடர்கதை எழுதி வருகிறேன். கதை 1959 ஏப்ரலில் நடக்கிறது. நுவரெலியாவில் வசந்த காலம். குதிரைப் பந்தயத்துக்கும் மலர்க் கண்காட்சிக்கும் கொழும்பிலிருந்து பெரிய மனிதர்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். பட்டணத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு தோட்டம். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில், வெட்டி விழுந்த குச்சிகளான மிலாறு பொறுக்கப் போன ஒரு பெண், வடிகால் கானுக்குள் எண்ணெய்த் துணியில் சுற்றிக் கிடந்த கைத்துப்பாக்கியைக் கண்டெடுக்கிறாள். அதற்கு முந்திய இரவுதான் பங்களாவில் ஒரு கொலை நடந்திருக்கிறது.

அந்தத் துப்பாக்கி வால்தர் பிபிகே என்ற சிறிய ஜேர்மன் கைத்துப்பாக்கியாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஜேம்ஸ் பொண்ட் என்ற ஆங்கில ஒற்றனின் படங்கள் வழியாக என் மாணவர்களுக்கும் அந்தப் பெயர் தெரியும். பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து உட்காருவார்கள். வேறொரு காரணமும் உண்டு. தோட்டத்துக் கதைகளில் துப்பாக்கி என்றால் அது துரையின் கையிலோ பொலிஸ்காரரின் கையிலோதான் இருக்கும். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து அந்த நினைவு நம்மோடு வருகிறது. என் கதாநாயகி சுடப் போவதில்லை. அதைக் கையில் எடுத்துப் பார்த்து, அது யாருடையது, என்ன நடந்தது என்று பொலிஸாருக்கு முன்பே புரிந்துகொள்ளப் போகிறாள். அதனால் அந்தப் பொருளைப் பற்றி நான் எழுதும் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்க வேண்டும்.

1959இல் இப்படியொன்று நம் மலைக்கு வந்து சேர வழி இருந்ததா? அதில் எத்தனை ரவைகள் போடலாம்? சைலன்சர் மாட்டிச் சுட்டால் பக்கத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கேட்காதா? ரவை தீர்ந்த பிறகும் விசையை இழுத்தால், படங்களில் கேட்பதுபோல் ‘டிக்’ என்று ஒலி வருமா? முக்கியமாக, பள்ளிக்கூடம் போகாத, ஆனால் கண்ணும் கையும் கூர்மையான ஒரு பெண் அதைத் தொட்டுப் பார்த்தே எவற்றை அறிய முடியும்? விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

கண்டிப் படரசிகன் எழுதியது:

டீச்சர், படங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தயவுசெய்து படத்தைப் பார்த்து இந்தத் துப்பாக்கியை வர்ணிக்காதீர்கள். 1962இல் வந்த முதல் படத்தில் ஒற்றனுக்கு அதிகாரி புதிய துப்பாக்கியைக் கொடுக்கும் காட்சி புகழ்பெற்றது. வசனத்தில் பிபிகே என்பார்கள். கையில் கொடுப்பதோ அதன் மூத்த வடிவமான, சற்றுப் பெரிய பிபி. அடுத்த படத்தின் விளம்பரத்துக்காக, ஒற்றனாக நடித்த ஷோன் கொனரி துப்பாக்கியைக் கன்னத்தருகே நிமிர்த்திப் பிடித்து நிற்கும் படம் உலகெங்கும் ஒட்டப்பட்டது. அது சுடுகலனே இல்லை. புகைப்படம் எடுக்கும் நாளில் பிபிகே வந்து சேராததால், புகைப்படக் கலைஞர் தன்னிடம் இருந்த வால்தர் எல்பி-53 என்ற காற்றுத் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார். நீண்ட குழல் தெரியும் சுவரொட்டிகள் எல்லாம் அதுதான். 2010இல் லண்டன் ஏலத்தில் அந்தக் காற்றுத் துப்பாக்கி 2 லட்சத்து 77 ஆயிரம் பவுண்டுக்குப் போனது.

1997இல் வந்த படத்திலிருந்து ஒற்றன் பி99 என்ற புதிய வகைக்கு மாறினான். 2008இல் மறுபடியும் பிபிகே வந்தது. என் தலைமுறைக்கு அந்தச் சிறிய கறுப்புத் துப்பாக்கிதான் பிடிக்கும். உங்கள் கதைக்கு அதை எடுத்தது மகிழ்ச்சி.

பண்டாரவளைப் பழைய திருத்துநர் எழுதியது:

டீச்சர், உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறீர்கள். இளவயதில் கண்டியில் அனுமதி பெற்ற ஒரு துப்பாக்கித் திருத்தும் கடையில் வேலை பார்த்தவன் நான். தோட்டத்துத் துரைமார்களின் இரட்டைக் குழல் துப்பாக்கிகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. மழைக்காலம் முடிந்ததும் துருப்பிடித்தவை ஒன்றன்பின் ஒன்றாக மலையிறங்கி வரும். கைத்துப்பாக்கி எப்போதாவதுதான் வரும். வந்தவற்றில் பெரும்பாலானவை, ரவைகள் சுழலும் உருளைக்குள் இருக்கும் ரிவோல்வர்கள். சம்பளநாளுக்கு வங்கியிலிருந்து பணப்பெட்டி எடுத்து வரும் துரைமார் வைத்திருந்தவை அவை. சிறிய வால்தர் மேசைக்கு வந்தால் முதலாளி கடைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பிரிப்பார். அப்படிக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

வந்து சேரும் வழியிலிருந்து தொடங்குகிறேன், உங்கள் கதை நிற்கும் இடம் அதுதான். வால்தர் ஜேர்மனியின் துரிங்கியப் பகுதியில் சேலா-மேலிஸ் என்ற ஊரின் நிறுவனம். 1929இல் சீருடைக் காவலர்களுக்காகப் பிபி வந்தது. ஓரிரு ஆண்டுகளில், சாதாரண உடையில் உலவும் துப்பறியும் காவலர்கள் சட்டைக்குள் மறைத்துக்கொள்ள, குழலும் பிடியும் குறுக்கிப் பிபிகேயைச் செய்தார்கள். பிறகு ஹிட்லரின் அதிகாரிகள் இடுப்பில் மாட்டிக்கொண்டார்கள். 1945 ஏப்ரல் 30இல் அவன் தன்னைச் சுட்டுக்கொண்டதும் பிபிகேயால்தான் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. போர் முடிந்தபோது பிரித்தானியப் படையினரும் அமெரிக்கரும் சரணடைந்த அதிகாரிகளிடமிருந்து இவற்றைப் பறித்து நினைவுப் பொருளாக ஊருக்குக் கொண்டுபோனார்கள். போர்முனையிலிருந்து திரும்பித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் நம் மலையில் ஏராளம். உங்கள் 1959 துப்பாக்கி அப்படிப்பட்ட ஒருவரின் தோல் பெட்டியின் அடியில் வந்தது என்று எழுதினால் எவரும் கை வைக்க முடியாது.

இன்னொரு வழியும் உண்டு. வால்தரின் பழைய ஆலை சோவியத் ஆட்சிப் பகுதிக்குள் போய்விட்டதால், நிறுவனத்தார் மேற்கே உல்ம் நகரில் மறுபடி கால் ஊன்றினார்கள். 1952 முதல் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் இருந்த மனூரின் நிறுவனம் உரிமம் பெற்று இதே துப்பாக்கியைச் செய்தது. ஆகவே 1959இல் புதிதாக வாங்கியது என்றால் மேல்பாகத்தில் மனூரின் பெயர் இருக்க வேண்டும். போரிலிருந்து வந்தது என்றால் வால்தரின் பட்டைச் சின்னமும் சேலா-மேலிஸ் என்ற ஊர்ப் பெயரும் பெரும்பாலும் இருக்கும். உங்கள் கதாநாயகிக்கு ஆங்கில எழுத்துத் தெரியாவிட்டாலும், எழுத்தின் வடிவத்தை மனதில் பதித்து வந்து மண்ணில் விரலால் எழுதிக் காட்ட முடியும். போருக்கு முந்தியவை கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டவை. போரின் கடைசிக் காலத்தில் அவசரமாகச் செய்தவற்றில் அரம் ஓடிய கோடுகள் அப்படியே தெரியும், விரலிலும் தட்டுப்படும்.

இனி அளவு. மொத்த நீளம் ஏறத்தாழ 155 மில்லிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. குழல் மட்டும் 83 மில்லிமீட்டர். எடை 600 கிராமுக்குச் சற்றுக் குறைவு. சிறிதாகத் தெரியும், தூக்கினால் கனக்கும், முழுவதும் உருக்கு. பிபியின் பிடியில் இரு பக்கமும் இரண்டு தனிச் சில்லுகள் இருக்கும். பிபிகேயில் ஒரே வார்ப்பாகப் பிடியின் பின்புறத்தையும் சுற்றி வரும். இருட்டில் தடவிப் பார்த்தே பிரித்தறியலாம்.

ரவை எத்தனை என்பது வகையைப் பொறுத்தது. மிகுதியாகப் புழங்கியது 7.65 மில்லிமீட்டர், அமெரிக்கர் .32 என்பார்கள். ரவைக்கூட்டில் 7 போகும், குழலில் ஒன்றை ஏற்றி வைத்தால் 8. சற்றுப் பெரிய 9 மில்லிமீட்டர் குட்டை வகையில் கூட்டில் 6. உங்கள் கதைக்கு 7.65 போதும், அந்தக் காலத்துக்கும் அதுவே பொருந்தும்.

‘டிக்’ ஒலியை எழுத வேண்டாம். கடைசி ரவை போனதும் மேல்பாகம், ஸ்லைட் என்போம், பின்னுக்குப் போய் அப்படியே நின்றுவிடும். குழலின் நுனி வெளியே நீட்டிக்கொண்டு தெரியும். சுட்டவனுக்கும் எதிரே நிற்பவனுக்கும் ஒரே கணத்தில் ரவை தீர்ந்தது தெரிந்துவிடும். என் கண்ணில் அது ‘டிக்’ ஒலியைவிடப் பயங்கரமான காட்சி. அதை எழுதுங்கள்.

சைலன்சர் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரணப் பிபிகேயின் குழல் ஸ்லைடுக்கு வெளியே நீளாது, முனையில் சைலன்சரைத் திருகும் மரையும் இல்லை. குழல் சட்டகத்தோடு இறுக்கி ஆணி அடிக்கப்பட்டது, வீட்டில் கழற்றி மாற்ற முடியாது. ஒற்றர் அமைப்பு எதுவோ மரை வெட்டிய நீண்ட குழலோடு தனியாகச் செய்வித்துக் கொடுத்திருந்தால் ஒழிய, தோட்டத்துச் சின்னத்துரையால் சைலன்சர் மாட்ட முடியாது. மாட்டினாலும் முழு அமைதி வராது. 7.65 சன்னம் நொடிக்கு 300 மீட்டருக்கும் குறைந்த வேகத்தில் போகிறது. ஒலியைவிட மெதுவானது என்பதால் காற்றைக் கிழிக்கும் வெடிப்பு இருக்காது. ஆனால் ஸ்லைட் பின்னால் போய் முன்னால் வந்து அறையும் இரும்புச் சத்தம் அப்படியே கேட்கும். சைலன்சரை விட்டுவிட்டு மலையை நம்புங்கள். காட்டுப்பன்றிக்குச் சுடும் பன்னிரண்டாம் எண் துப்பாக்கியின் கனத்த முழக்கத்தை லயத்துச் சனம் கேட்டுப் பழகியிருக்கும். அந்த இரவில் கேட்டது சிறியதாக, வறண்டதாக, சட்டென்று அறுந்ததாக இருந்தது என்று ஒரு கிழவி சொன்னாலே வாசகன் காதைத் தீட்டிக்கொள்வான்.

இது எப்படிப் புகழ் பெற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும், எனக்கு அதில் மிகுந்த ஈடுபாடு உண்டு. ஒற்றனின் முதல் நாவல் 1953இல் வந்தபோது அவனிடம் இருந்தது .25 அளவுள்ள பெரெட்டா. கிளாஸ்கோவில் இருந்த ஜெப்ரி பூத்ராய்ட் துப்பாக்கிகளைக் கரைத்துக் குடித்தவர், நாவல்களையும் விரும்பிப் படித்தவர். 1956 மே மாதம் அவர் ஆசிரியர் இயன் பிளெமிங்குக்குக் கடிதம் எழுதினார். இவ்வளவு ஆபத்தான வேலை செய்கிறவனுக்கு இத்தனை சிறிய துப்பாக்கியா என்று கேட்டார். அவர் முதலில் பரிந்துரைத்தது ஒரு ரிவோல்வர். தானியங்கிதான் வேண்டுமென்றால் 7.65 பிபிகே என்றார். பிளெமிங் நன்றியோடு பதில் எழுதி, 1958இல் வந்த ‘டாக்டர் நோ’ நாவலில் ஒற்றனுக்குப் பிபிகேயைக் கொடுத்தார். கொடுக்கும் ஆயுத அதிகாரிக்குப் பூத்ராய்ட் என்றே பெயரும் வைத்தார். ஆனால் ரிவோல்வருக்கென்று பூத்ராய்ட் சொன்ன தோலுறையைப் பிபிகேக்கு மாட்டிவிட்டார். விவரம் தெரிந்தவர்கள் அதை இன்றும் சுட்டிக்காட்டுகிறார்கள். அதே நாட்களில் ஒரு நாவலின் அட்டைப்படத்துக்காகப் பூத்ராய்ட் தன் ரிவோல்வரை இரவல் கொடுத்திருந்தார். கிளாஸ்கோவில் மூவர் சுடப்பட்ட ஒரு கொலை நடந்தது. பொலிஸார் அவரிடம் வந்து அந்த ரிவோல்வர் எங்கே என்று கேட்டார்கள்.

இதில் உங்களுக்குப் பயன்படுவது ஒன்று உண்டு. 1959 ஏப்ரலில் படம் எதுவும் வந்திருக்கவில்லை. பிபிகே என்றதும் நுவரெலியாவில் எவரும் ஒற்றனை நினைத்திருக்க மாட்டார்கள். நாவல் படிக்கும் ஓர் இளந்துரைக்கு மட்டும் அந்தத் தொடர்பு தெரிந்திருக்கும். பங்களா மேசையில் அந்த நாவலை வைத்துவிடுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து லண்டன் எழுதியது:

ஐயா எழுதியதைப் படிக்கும்போது அப்பாவோடு பேசுவதுபோல் இருந்தது. டீச்சர், உங்கள் கதையில் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும் காட்சி வருமா? வருமென்றால் அது கற்பனை ஆகாது. 1974 மார்ச் 20இல் லண்டன் மால் வீதியில் இளவரசி ஆனைக் கடத்த ஒருவன் முயன்றான். அவருடைய பாதுகாவலர் ஜேம்ஸ் பீட்டனிடம் இருந்தது வால்தர் பிபிகே. அவர் சுட்டது தவறியது, அடுத்ததற்குள் துப்பாக்கி சிக்கிவிட்டது. அவர் வெறும் உடலால் இளவரசியை மறைத்து நின்றார், மொத்தம் மூன்று தடவை சுடப்பட்டார், உயிர் பிழைத்தார். ஜோர்ஜ் குரொஸ் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அதன் பிறகு அரச குடும்பப் பாதுகாவலர்களிடமிருந்து அந்தத் துப்பாக்கி விலக்கப்பட்டது.

1979 ஒக்டோபர் 26இல் தென்கொரிய ஜனாதிபதி பார்க் சுங்-ஹீயை அவருடைய உளவுத்துறைத் தலைவரே விருந்து மேசையில் சுட்டார். அதுவும் பிபிகே. அதுவும் நடுவில் சிக்கியது. அவர் வேறொருவரிடமிருந்து ஒரு ரிவோல்வரை வாங்கி வந்துதான் முடித்தார். படத்தில் ஒருபோதும் சிக்காத துப்பாக்கி உண்மையில் இரண்டு பெரிய நிகழ்ச்சிகளில் கைவிட்டிருக்கிறது. ஒற்றனின் புகழை நம்பி உயிரை அதன் மேல் வைத்தவர்களை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

தலவாக்கலை டீச்சர் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஐயா, நீங்கள் எழுதியதை அச்செடுத்துக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். சைலன்சர் போய்விட்டது, கிழவி வந்துவிட்டார்.

இன்னும் சில கேள்விகள். என் கதாநாயகி துப்பாக்கியைக் கண்டெடுப்பது விடியுமுன், அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் நேரம். பனிமூட்டம், வெளிச்சம் இல்லை. உள்ளே ரவை ஏற்றியிருக்கிறதா என்று அவள் எப்படி உணர்வாள்? சுட்டவன் யார் என்பதை அவனுடைய கை காட்டிக்கொடுக்குமா? கவ்வாத்து மலை என்பதால் தரையில் ஏதாவது மிஞ்சுமா? மழையில் ஓர் இரவு கிடந்தால் என்ன ஆகும்? மஸ்கெலியா அண்ணன் சொன்ன சிக்கலுக்கு என்ன காரணம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பண்டாரவளைப் பழைய திருத்துநர் எழுதியது:

டீச்சர், நீங்கள் கேட்ட முதல் கேள்விக்காகவே அந்தத் துப்பாக்கியைச் செய்தவர்களுக்கு நான் வணக்கம் சொல்வேன். ஸ்லைடின் பின்முனையில், சுத்தியலுக்கு நேர் மேலே, ஒரு சிறு துளை உண்டு. குழலுக்குள் ரவை இருந்தால் அதிலிருந்து ஊசிபோன்ற ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரவை இல்லையென்றால் உள்ளே போய்விடும். கும்மிருட்டில், பைக்குள்ளேயே, பெருவிரலால் தடவி அறியலாம். கொழுந்து கிள்ளிப் பழகிய விரலுக்கு அது தட்டுப்படாமல் போகாது. அந்தத் துப்பாக்கியை முன்பின் பார்த்திராதவள் என்பதால் முதலில் அது என்னவென்று அவளுக்குப் புரியக்கூடாது. ஏதோ முனை குத்துகிறது என்று மட்டும் மனதில் வைக்கட்டும். பின்னால் துரையின் பழைய டிரைவரோ வேறு யாரோ விளக்கும்போது அவளுக்கு உறைக்க வேண்டும். எண்ணெய்த் துணியில் சுற்றிக் கானுக்குள் போட்டவன் அவசரத்தில் இன்னொரு ரவை குழலுக்குள் இருப்பதைக் கவனிக்கவில்லை. தானியங்கியில் ஒருதடவை சுட்டதும் அடுத்த ரவை தானாக ஏறிவிடும், சுத்தியலும் பின்னுக்கு மடங்கியே நிற்கும். ரிவோல்வர் மட்டும் பழகியவன் அதை மறந்துவிடுவான். இரண்டாவது தடவை விசை மிக இலேசாக இழுபடும். முதல் இழுப்பு நீளமானது, கனமானது, அடுத்தடுத்தவை குறுகியவை. அவள் அதைக் கூடைக்குள் போட்டுக்கொண்டு பெரட்டுக் களத்தில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து என்பதை வாசகனுக்கு மட்டும் தெரிவியுங்கள். எனக்கு இப்போதே நெஞ்சு அடிக்கிறது.

பாதுகாப்புப் பூட்டு ஸ்லைடின் இடப்பக்கத்தில் இருக்கிறது. கீழே அமுக்கினால் அடிக்கும் ஊசி தடைபட்டு, சுத்தியல் ஆபத்தில்லாமல் விழுந்துவிடும். விவரம் தெரிந்தவன் சுட்டிருந்தால் அதை அமுக்கிவிட்டுத்தான் சுற்றியிருப்பான். அமுக்காமல் விட்டதே கொலையாளி யார் இல்லை என்பதைச் சொல்லும். போரில் இதைப் பறித்து வந்த பெரிய துரை அப்படி விட்டிருக்க மாட்டார். ஆகவே திருடிச் சுட்டவன் வேறொருவன்.

கை காட்டிக்கொடுக்கும், டீச்சர். பிபிகேயின் பிடி குட்டை, பின்பக்க நாக்கும் குட்டை. பெரிய கை உள்ளவன் உயர்த்திப் பிடித்துச் சுட்டால், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள சதையை ஸ்லைடின் அடிவிளிம்பு கீறிக்கொண்டு போகும். இணையாக இரண்டு சிறு கோடுகள் விழும். பழகியவர்கள் கையைத் தாழ்த்திப் பிடிப்பார்கள். அமெரிக்காவில் பிற்காலத்தில் செய்தவர்கள் இதற்காகவே பின்நாக்கை நீட்டினார்கள். மறுநாள் பந்தயத் திடலில் ஓர் ஆள் மட்டும் வெள்ளைக் கையுறையோடு நிற்பதாக எழுதாதீர்கள், அது கதை எழுதுகிற எல்லாரும் செய்வது. சம்பளம் கொடுக்கும் மேசையில் காசை எண்ணித் தள்ளும் கையில் அந்தக் கீறலை அவள் பார்க்கட்டும். தோட்டத்துப் பெண் துரைமாரின் கையை அருகில் பார்க்கும் இடம் அது ஒன்றுதான்.

தரையில் மிஞ்சுவது சுட்ட ரவையின் வெற்றுப் பித்தளைக் கோது. ரிவோல்வரில் கோது உருளைக்குள்ளேயே இருக்கும். 1959 செப்டெம்பர் 25இல் கொழும்பில் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சுடப்பட்டதும் ரிவோல்வரால்தான். அந்த நாட்களில் கைத்துப்பாக்கி என்றாலே ஊர்ப் பொலிஸ்காரருக்கு ரிவோல்வர்தான் நினைவுக்கு வரும், கோதைத் தேட வேண்டும் என்று தோன்றாது. பிபிகே கோதை வலப்பக்கம் சில அடி தள்ளி எறிந்துவிடும். பங்களாத் தோட்டத்தில் சுட்டிருந்தால் வேலியோரத் தேயிலைத் தூரில் விழுந்திருக்கும். இலை அடர்ந்த மலை என்றால் கிடைக்காது. கவ்வாத்து வெட்டிய மலையில் பித்தளை மின்னும். மிலாறு பொறுக்குகிற பெண்ணுக்குத்தான் அது அகப்படும், இன்ஸ்பெக்டருக்கு அகப்படாது. அந்தக் கோதில் அடிக்கும் ஊசி பதித்த குழியும், இழுத்து வெளியே தள்ளும் கொக்கியின் கீறலும் இருக்கும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அவை தனித்தனி. கொழும்பில் அரசாங்கப் பகுப்பாய்வாளரிடம் அனுப்பினால் துப்பாக்கியோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடுவார்.

மழைக்கு வருகிறேன். ஓர் இரவு போதும். 1800 மீட்டருக்கு மேல் உள்ள ஊரில் விடியற்காலைப் பனியே மழைக்குச் சமம். நீலம் பாய்ச்சிய உருக்கில் விரல்ரேகை பட்ட இடத்தில் முதலில் செம்மை ஏறும். எண்ணெய்த் துணி நல்லது. தோலுறைக்குள் வைத்துச் சுற்றியிருந்தால் கெட்டது, தோல் ஈரத்தைக் குடித்துக்கொண்டு இரும்போடு ஒட்டிக் கிடக்கும். எங்கள் கடைக்கு வந்த துருவில் பாதி மழையால் வந்தது, மீதி உறையோடு அலுமாரியில் வைத்ததால் வந்தது.

சிக்கலுக்குக் காரணம் ஒன்று இல்லை. இந்தத் துப்பாக்கியில் குழல் அசையாது. ரவை வெடிக்கும் அழுத்தமே கோதைப் பின்னால் தள்ளுகிறது, ஸ்லைடின் எடையும் குழலைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருளும் மட்டுமே அதைத் தாங்குகின்றன. எளிமையான அமைப்பு, ஆனால் எல்லாம் சரியாக இருந்தாக வேண்டும். ரவைக்கூட்டின் மேல்விளிம்பு சிறிது விரிந்தாலும், ரவை பழையதாகி வலுக்குறைந்தாலும், எண்ணெயில் மண் கலந்தாலும், தளர்ந்த கையால் பிடித்தாலும் கோது முழுவதும் வெளியேறாமல் நடுவில் மாட்டிக்கொள்ளும். போர்க்கால ரவையைப் பதினான்கு ஆண்டுகள் கழித்து ஈரமலையில் சுடுகிறவன் உங்கள் கதையில் இருக்கிறான். சிக்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் சிக்கினால் அடுத்த ரவை சரியாக ஏறியிராது, அந்த ஊசிமுனையை நம்ப முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் ஊசிமுனையைத்தான் தேர்வேன்.

ஒரு மலையிலிருந்து எதிர்மலையில் நிற்பவனைச் சுடும் காட்சி வைத்திருந்தால் நீக்கிவிடுங்கள். இது அறைக்குள், மேசைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சுடும் துப்பாக்கி. 25 மீட்டரில் நன்றாகச் சுடுகிறவன் கெட்டிக்காரன்.

தலவாக்கலை டீச்சர் எழுதியது:

ஐயா, சம்பள மேசையில் கீறலைப் பார்க்கும் காட்சியை இன்றிரவே எழுதத் தொடங்குகிறேன். அவளுடைய பெயருக்கு நேரே அரைப்பெயர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டிருக்கிறார்கள் என்று கணக்கைத் தட்டிக் கேட்கும் வேளையில் அந்தக் கையைப் பார்ப்பாள். இது தோட்டத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் உடனே புரியும்.

கடைசியாக ஒன்று. இன்ஸ்பெக்டர் துப்பாக்கி இலக்கத்தை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியுமா?

பண்டாரவளைப் பழைய திருத்துநர் எழுதியது:

உரிமம் இருந்தால் முடியும். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கச்சேரி என்ற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் பதிவேடு இருக்கும், அதில் துப்பாக்கி வகையும் இலக்கமும் இருக்கும். போருக்குச் சற்று முன்பும் போர்க்காலத்திலும் செய்த பிபிகேயின் இலக்கத்தின் முடிவில் ‘கே’ என்ற எழுத்து இருக்கும். பிபியில் அது இருக்காது. இன்ஸ்பெக்டர் கச்சேரி எழுதுவினைஞரிடம் அந்த எழுத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் நினைவுப் பொருளாகப் பெட்டியில் வந்தது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. பெரிய துரை அதை வைத்திருந்ததே குற்றம். ஆகவே அது திருடு போனபோது அவர் முறைப்பாடு செய்திருக்க மாட்டார். கொலையாளி அதைக் கணக்கிட்டுத்தான் திருடியிருப்பான். அது பங்களாவில் இருந்தது தெரிந்தவர்கள் துரையும் உதவித் துரையான சின்னத்துரையும் பங்களா வேலைக்காரரான அப்புவும்தான். பங்களா அலுமாரியைத் துடைக்கும் அப்பு உங்கள் கதாநாயகிக்குச் சொந்தக்காரராக இருந்தால், இன்ஸ்பெக்டர் கச்சேரிக்குப் போய்த் திரும்புமுன் அவளுக்கு விடை கிடைத்துவிடும்.